கண்ணாடி மாறிய தேதி

கடையில் அவருக்கு அரைமில்லி என்று பெயர். மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துகிறவர். கண்ணின் கருமணிக்கு நேராக லென்ஸின் நடுப்புள்ளி வர வேண்டும்; அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கழற்றி மறுபடி ஆரம்பிப்பார். வாங்க வந்தவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாலும் அசைய மாட்டார். கல்லாவில் உட்காரும் அம்மாள் எரிச்சலில் வைத்த பெயர் அது. பதினோரு வருஷத்தில் அது ஒட்டிப்போய், இப்போதெல்லாம் கடைத் தொலைபேசியை எடுத்து அவரே “அரைமில்லி பேசறேன்” என்று சொல்லிவிடுகிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது அவருடைய கைபேசிக்கு. லென்ஸ் அரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த பின்பக்க நடைக்குப் போய்ப் பேசினார். எதிர்முனையில் தொகுப்பாளர். வெள்ளிக் கோளைப் படமெடுக்கிற பொழுதுபோக்கு வானியலாளர்கள் நூற்று நாற்பது பேர் கொண்ட குழுவின் படங்களைச் சரிபார்த்து வரிசைப்படுத்துகிறவர். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. சம்பளமில்லாத வேலைதான், ஆனால் கறாருக்குக் குறைவில்லை.

“சார், உங்க கடைசி இருபத்தாறு படம் மத்தவங்களோட ஒத்துப்போகல.”

“மத்தவங்க படத்தைப் பாருங்கம்மா. எல்லாம் மேக்கப் போட்ட மூஞ்சி.”

“மத்தவங்கன்னா ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல சார். ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் ஒரே இடத்துல திட்டு இருக்கு. உங்களுக்கு மட்டும் வேற எங்கயோ இருக்கு. அந்த ஒன்பதுல உங்க மச்சானும் ஒருத்தர்.”

அரைமில்லிக்கு மச்சான் பெயர் வந்தாலே இப்போது நாக்கு கசந்தது.

விஷயம் இதுதான். வெறும் கண்ணுக்கும் சாதாரணக் கேமராவுக்கும் வெள்ளி ஒரு வெள்ளை வட்டம். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்ப்பது போல, பார்க்க ஒன்றும் கிடையாது. புற ஊதா ஒளியை மட்டும் வடிகட்டி எடுத்துப் படம் பிடித்தால் அதன் மேகங்களில் கருந்திட்டுகள் தெரியும். ஏறக்குறைய நாலு நாளைக்கு ஒருமுறை அந்த மேகங்கள் கோளையே சுற்றி வந்துவிடும். ஒருவர் படத்தில் இருக்கிற திட்டு, அதே மாலையில் இன்னொருவர் எடுத்த படத்திலும் அதே இடத்தில் இருந்தாக வேண்டும். கதை விட இடமில்லாத வேலை. அதனால்தான் அரைமில்லிக்கு அது பிடித்திருந்தது.

அதற்கு வேண்டியது ஒரு ஃபில்டர். பெரிய நாணயம் அளவுக்கு ஒரு கண்ணாடி, அதைச் சுற்றி அலுமினிய வளையம். கண்ணருகே வைத்துப் பார்த்தால் இருட்டு. மற்ற ஒளியையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் புற ஊதாவை மட்டும் உள்ளே விடும். கிடைப்பது அரிது. அரைமில்லி ஒன்றரை வருஷம் காத்திருந்து வாங்கினார். வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டி, மாலை ஐந்தரைக்கு மொட்டை மாடிக்குப் போகும்போது மட்டும் வெளியே எடுப்பார். வானம் இருட்டும் முன்பே வேலை முடிந்துவிடும்.

“ஃபில்டர் சரியா இருக்கான்னு பாத்தீங்களா?” என்று கேட்டார் தொகுப்பாளர்.

“என் கையத் தவிர வேற கை அதத் தொட்டதில்லம்மா.”

“சார், இந்தப் பருவத்துல நீங்க குடுத்தது மொத்தம் தொண்ணூத்தி நாலு. முதல் அறுபத்தெட்டு சரியாத்தான் இருக்குன்னு எனக்குத் தோணுது. ஆனா நடுவுல பத்து நாள் மத்தவங்க யாருக்கும் வானம் தெளியல, ஒப்பிட ஆளில்ல. எந்தத் தேதியிலேருந்து தப்புன்னு தெரியாம, பாதிய வெச்சிட்டுப் பாதிய எடுக்க விதி இடம் குடுக்காது. வெள்ளிய ஆராயற விஞ்ஞானிங்களோட ஆய்வுக் குழுவுக்கு வியாழக்கிழமை அனுப்பணும். அதுக்குள்ள என்ன ஆச்சு, எப்ப ஆச்சுன்னு சொல்லுங்க. இல்லன்னா தொண்ணூத்தி நாலும் போயிடும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “குழுவுல என்ன பேசிக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். அரைமில்லி கம்ப்யூட்டரில் திட்டு வரைகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை முதலில் ஆரம்பித்து வைத்தவர் அவரேதான். மூன்று வாரத்துக்கு முன்னால், எங்கோ ஒரு ஃபில்டர் கிடைத்துவிட்டதாகச் சொன்ன மச்சானின் படங்கள் தன் படங்களோடு ஒத்துப்போகவில்லை என்றதும், ‘இவை எடுத்த படங்கள் அல்ல, வரைந்த படங்கள்’ என்று குழுவில் எழுதினார். மனைவியின் கூடப்பிறந்தவன் என்றும் பார்க்கவில்லை. நூற்று நாற்பது பேர் படித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் படங்களை எடுத்துப் பார்த்து, மச்சான் பக்கம் போய் நின்றார்கள்.

அன்று மாலை மாடியில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். தொலைநோக்கியின் பெரிய ஆடி, சின்ன ஆடி, கேமரா, வயர். குறை ஒன்றும் அகப்படவில்லை. சொல்லப்போனால் ஐந்து வாரமாகப் படம் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது. பெரிய ஆடியைக் கழுவிய நாளிலிருந்து பாதி நேரத்திலேயே போதுமான வெளிச்சம் கிடைத்தது. அதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்: ‘பதினான்காம் தேதி. ஆடி கழுவியது. வெளிச்சம் இரு மடங்கு.’ மூன்று வருஷத் தூசி போனால் அப்படித்தான் இருக்கும் என்று மகிழ்ந்து, இரண்டு பேருக்கு ஆடி கழுவும் முறையை வேறு எழுதி அனுப்பினார்.

மறுநாள் காலை ஃபில்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

கூலிங் கிளாஸ் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று கடையில் ஒரு சின்னக் கருவி உண்டு. ஒரு பக்கம் புற ஊதா விளக்கு, மறுபக்கம் அதை அளக்கிற கண். நடுவில் கண்ணாடியை வைத்தால் நூற்றுக்கு எவ்வளவு தாண்டி வருகிறது என்று எண் காட்டும். நல்ல கூலிங் கிளாஸுக்குப் பூஜ்யம். அவருடைய ஃபில்டருக்கு எண்பதையாவது தொட வேண்டும்.

வைத்தார். பூஜ்யம்.

துடைத்துவிட்டுத் திருப்பி வைத்தார். பூஜ்யம்.

“என்ன அரைமில்லி, ஒத்தைக் கண்ணுக்கு மட்டும் கூலிங் கிளாஸா?” கல்லா அம்மாள் எட்டிப் பார்த்தார். “அட, பூஜ்யம் காட்டுது. நல்ல சரக்கு. எங்க புடிச்சீங்க?”

அரைமில்லி சுவரில் மாட்டியிருந்த ஏசி ரிமோட்டை எடுத்தார். ரிமோட் விடுகிற அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. கைபேசிக் கேமராவில் தெரியும். ரிமோட் பழுதா என்று பார்க்க மெக்கானிக்குகள் செய்கிற வித்தை. கைபேசியின் முன்பக்கக் கேமராவை ஃபில்டரால் மூடி, அதற்கு எதிரே ரிமோட்டைப் பிடித்து அமுக்கினார். அகச்சிவப்பைக் கொஞ்சமும் விடக் கூடாத கண்ணாடி அது. திரையில் புள்ளி பளிச், பளிச் என்று மின்னியது.

“ஏசியப் போடறீங்களா, நிறுத்தறீங்களா? முடிவு பண்ணுங்க,” என்றார் கல்லா அம்மாள்.

அரைமில்லி தன் மேசைக்குப் போய் விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடி வழியாக வளையத்தைப் பார்த்தார். வெளி வளையம் அவருடையதுதான். அடையாளத்துக்கு அவர் கீறிய இரண்டு புள்ளிகள் இருந்தன. உள்ளே கண்ணாடியைப் பிடித்து வைக்கும் மெல்லிய திருகு வளையத்தில் எதிரெதிராக இரண்டு குட்டிப் பள்ளங்கள் உண்டு. இரண்டிலிருந்தும் பக்கவாட்டில் புதிதாக வழுக்கிய கோடுகள். சரியான கருவி இல்லாமல் காம்பஸ் முனையையோ கத்தரி முனையையோ வைத்துத் திருகியிருக்கிறார்கள். பதினோரு வருஷமாக மற்றவர்கள் சொதப்பிய வேலையைத் திருத்திச் சாப்பிடுகிறவர் அவர். ஒரு கீறலைப் பார்த்தால் அதைப் போட்ட கையின் அவசரம் அவருக்குத் தெரியும்.

அவருடைய கண்ணாடியும் இதுவும் பார்வைக்கு ஒரே கருப்பு. ஒன்று புற ஊதாவை விடும், மற்றது அகச்சிவப்பை விடும். அந்த இரண்டாவது ரகத்தை வைத்திருக்கிற ஒரே ஆளை அவருக்குத் தெரியும். கல்லா அம்மாளிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

மச்சானின் ஸ்டுடியோ இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடைக்கு மேலே. படி ஏறினால் சுவர் முழுக்கச் சிரிக்கிற குழந்தைகள், பட்டம் வாங்கிய பிள்ளைகள், தோளோடு தோள் சாய்ந்த தம்பதிகள். அவர்களுக்கு நடுவே புதிதாகச் சட்டம் போட்ட பெரிய வெள்ளி. பாதி தேய்ந்த வட்டத்தில் புகை படிந்தது போலக் கருந்திட்டுகள். கீழே தங்க எழுத்தில் மச்சானின் பெயர்.

மச்சான் ஒருவருக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். “மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிக்காதீங்க. ஊரை விட்டுப் போறதுல இவ்ளோ சந்தோஷம்னு தெரிஞ்சா விசா குடுக்க மாட்டாங்க.” எடுத்து முடித்து அந்த ஆளை அனுப்பிவிட்டுத் திரும்பினார். “வாங்க மாப்ளை. கடை லீவா?”

அரைமில்லி வளையத்தை மேசைமேல் வைத்தார். “இது என் வளையம். உள்ள இருக்கறது உங்க கண்ணாடி. என் கண்ணாடி எங்க மச்சான்?”

மச்சான் அதைத் தொடவில்லை. வெளிச்சக் குடையை மடக்கி மூலையில் சாத்தினார். “உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

“நிக்கறேன்.”

“நான் கேட்டேன்ல மாப்ளை? ரெண்டு தடவ கேட்டேன். ஒரு வாரம் குடுங்க, எடுத்துப் பாத்துட்டுத் தரேன்னு. என்ன சொன்னீங்க? பல் தேய்க்கற பிரஷ்ஷ யாராவது கடன் குடுப்பாங்களான்னு கேட்டீங்க. என் கடை ஆளுங்களுக்கு எதிர்லயே.”

அப்படிச் சொன்னது நினைவிருந்தது. எல்லோரும் சிரித்ததும் நினைவிருந்தது; மச்சானும் சேர்ந்துதான் சிரித்தார்.

“அதுக்காக எடுத்துட்டுப் போயிடறதா?”

“ஒரு வாரத்துல திருப்பி மாட்டிரலாம்னுதான் எடுத்தேன். சத்தியமா. நீங்க வாய வெச்சிட்டு சும்மா இருந்திருந்தா போட்டிருப்பேன். குரூப்ல எழுதினது யாரு? நான் வரையறேன்னு எழுதினது யாரு? அதுக்கப்புறம் எப்படித் திருப்பறது? குடுத்தா என் படம் நின்னுபோகும். நின்னுபோனா நீங்க சொன்னது நிஜம்னு ஆயிரும்.”

“இப்ப என்னச் சொல்றாங்க, வரையறேன்னு.”

“அதுக்கு ஏன் பெரிசு பண்றீங்க? ஃபில்டர மாத்திப் போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதுங்க, முடிஞ்சுது. மனுஷன்னா கை தவறாதா?”

“எனக்குத் தவறாது.”

“அதான் மாப்ளை உங்களோட வம்பே.”

மச்சான் உள்ளே போய், கேமராவிலிருந்து கழற்றி, மெல்லிய தாளில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். அரைமில்லி பிரித்துப் பார்த்தார். அவருடைய கண்ணாடிதான். ஓரத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

“எந்தத் தேதி எடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க. அது போதும்.”

“எழுதிக் குடுத்தா என் படத்தோட கதி? ஆய்வுக் குழுவுக்கு நாளைக்கு என் படம் போகுது. ரெண்டு பேர் கூப்பிட்டுப் பாராட்டினாங்க. இருபது வருஷமா அடுத்தவன் மூஞ்சிய எடுத்துக்கிட்டிருக்கேன் மாப்ளை, ஒருத்தன் இதுவரைக்கும் நல்லா இருக்குன்னு கூப்பிட்டுச் சொன்னதில்ல. இப்ப நானே போய் திருட்டுக் கண்ணாடில எடுத்தேன்னு எழுதிக் குடுக்கணுமா?”

அரைமில்லி தாளோடு கண்ணாடியைப் பையில் வைத்தார். படியருகே நின்று திரும்பினார். “அலமாரி பூட்டியிருக்கும். எப்படித் திறந்தீங்க?”

மச்சான் கேமராவின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். “அத வீட்ல கேளுங்க,” என்றார்.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனபோது மனைவி கட்டில்மேல் துணி மடித்துக்கொண்டிருந்தார். பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை; யாருக்கு எந்தத் தேதி, எத்தனை மணி என்று நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை. புதன்கிழமை அரைநாள்தான்.

“சாவிய எப்பக் குடுத்த?” என்று கேட்டார் அவர்.

எந்தச் சாவி என்று மனைவி கேட்கவில்லை. அதிலேயே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

“பதினாலாம் தேதி. நீங்க பெரிய கண்ணாடியக் கழுவிக் காய வெச்சிட்டு வெளிய போனீங்களே, அன்னிக்கு. மத்தியானம் மூணு மணிக்கு அண்ணன் வந்தாரு.”

“என்னத்துக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தியா?”

“ஒரு வாரம்னாரு. பதிலுக்கு ஒண்ணு மாட்டி வெச்சிருக்கேன், மாப்ளைக்கு வித்தியாசமே தெரியாதுன்னாரு.”

“தெரியல,” என்றார் அரைமில்லி.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தெனம் சாயந்தரம் மாடிக்கு வந்து நின்னியே. படம் நல்லா வருதான்னு கேட்டியே.”

“நீங்க நல்லா வருதுன்னு சொன்னீங்க. கழுவினதுல பளிச்சுன்னு வருதுன்னு. அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எந்தக் கண்ணாடில பாத்தா என்ன, அதே வெள்ளிதானேன்னு விட்டுட்டேன்.”

“அப்புறம் என்னப் பித்தலாட்டக்காரன்னு எழுதினாங்களே? நான் ராத்திரி தூங்காம உக்காந்திருந்தேனே, அப்ப?”

மனைவி ஏற்கெனவே மடித்த தலையணை உறையைப் பிரித்து மறுபடி மடித்தார். “தானே சொல்லிடறேன்னு அண்ணன் சொன்னாரு. இன்னிக்குச் சொல்லிடுவாரு, நாளைக்குச் சொல்லிடுவாருன்னு இருந்தேன்.”

மச்சான் செய்தது அவருக்கு ஒரு வகையில் புரிந்தது. ஆசைப்பட்டான், எடுத்தான், மாட்டிக்கொண்டான். இவள் செய்தது புரியவில்லை. ஐந்து வாரம். அவர் திரையைக் காட்டி இதோ பார் திட்டு, நேற்று இங்கே இருந்தது இன்று அங்கே போய்விட்டது என்று விளக்க விளக்க, பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாள். அவர் காணாத ஒன்றை அவள் தினமும் கண்டுகொண்டிருந்திருக்கிறாள்: ஏமாந்துபோன ஒரு ஆளை.

“தொகுப்பாளர் அம்மா கேட்டா அந்தத் தேதியச் சொல்லுவியா?” என்று கேட்டார். “வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். தேதி மட்டும்.”

“ம். சொல்றேன்.”

இருட்டும் முன்பே கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். நீட்டவில்லை. பதினான்காம் தேதி தனக்குத் தெரியாமல் ஃபில்டருக்குள் கண்ணாடி மாற்றப்பட்டது. அன்று முதல் எடுத்த இருபத்தாறும் அகச்சிவப்புப் படங்கள், அவற்றை நீக்கிவிட வேண்டும். அதற்கு முந்தைய அறுபத்தெட்டும் சரியானவை. எடுத்தது யார் என்றும் எழுதினார். கடைசியாக, மச்சானின் படங்கள் வரைந்தவை என்று தான் சொன்னது தவறு, அவை உண்மையான படங்கள் என்றும் சேர்த்தார். அந்த வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

வியாழன் காலை அவர் குளித்துவிட்டு வரும்போது மனைவி பால்கனியில் முதுகைக் காட்டி நின்று கைபேசியில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். மருத்துவமனை அழைப்பாக இருக்கும் என்று அவர் தலை துவட்டப் போய்விட்டார். எட்டே காலுக்குத் தொகுப்பாளர் கூப்பிட்டார்.

“படிச்சேன் சார். ஒரு சிக்கல் இருக்கு. பதினாலாம் தேதிக் குறிப்புல, ஆடி கழுவினதால வெளிச்சம் கூடிருச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப ஃபில்டர் மாறினதாலன்னு எழுதறீங்க. ரெண்டும் ஒரே நாள்ல.”

“ஒரே நாள்லதான் நடந்தது.”

“நான் நம்பறேன். நான் நம்பினா போதாதே. நீங்க மச்சான் மேல ஏற்கெனவே ஒண்ணு சொல்லி, அது பொய்யாப்போச்சு. இப்ப மறுபடி அவர் மேலயே சொல்றீங்க. குழுவுல என்ன கேப்பாங்க? பாத்தவங்க யாராவது இருக்காங்களா?”

“என் வீட்டுக்காரம்மா இருந்தாங்க.”

“குடுங்க சார். ஒரே ஒரு கேள்விதான்.”

கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு நீட்டினார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“வணக்கம்மா. தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. அந்த ஃபில்டர் எந்தத் தேதி வெளிய போச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

மனைவி அவரைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தைப் பார்த்தார். “எனக்குத் தெரியாதுங்க,” என்றார். “அவரோட சாமான் எதையும் நான் தொடறதில்ல.”

அரைமில்லி கையை நீட்டிக் கைபேசியை வாங்கி ஒலிபெருக்கியை அணைத்தார்.

“சார்,” என்றார் தொகுப்பாளர். குரல் இறங்கியிருந்தது. “நான் என்ன செய்யட்டும்?”

“எடுத்துருங்கம்மா.”

“தொண்ணூத்தி நாலும் போயிடும்.”

“போகட்டும்.”

“உங்க மச்சானோட படம் இருக்கும் சார். அது ஒத்துப்போகுது.”

“இருக்கணும். அது சரியான படம்தான்.”

வைத்துவிட்டார். கைபேசியை மேசைமேல் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுவிட்டு, அவிழ்த்துச் சரிசெய்தார்.

“என்னங்க,” என்றார் மனைவி. “எனக்குன்னு இருக்கறது ஒரே அண்ணன்.”

“தெரியும்.”

“அவருக்கு இப்பத்தான் ஒரு பேர் வந்திருக்கு. உங்களுக்கு அடுத்த வருஷம் வரும். மறுபடி எடுத்துக்கலாம்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில்தான் கைபேசியை எடுக்கவில்லை என்று உறைத்தது. திரும்பி ஏறினார். கதவு சாத்தாமல் ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து குரல் கேட்டது, காலையில் பால்கனியில் கேட்ட அதே தணிந்த குரல்.

“இல்லண்ணா, சொல்லல... ம், கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்... அவரா? ஒண்ணும் திட்டல. சும்மாதான் போனாரு... நீ தைரியமா இரு.”

கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். கைபேசி மேசைமேலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, வந்த சத்தம் கேட்காதபடி ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைக்குப் போனார்.